அச்சுக்கோப்பவர்கள் எங்கே போனார்கள்?

கணினியில் எழுதுகிற நாம் அன்றாடம் சில சொற்களைப் பொருள் உணராமலேயே கையாண்டு வருகிறோம். ஆங்கிலப் பேரெழுத்தை ‘அப்பர் கேஸ்’ என்கிறோம். சிற்றெழுத்தை ‘லோயர் கேஸ்’ என்கிறோம். வரிக்கும் வரிக்கும் இடையே விடும் வெளிக்கு ‘லெடிங்’ என்று பெயர். கேஸ் என்பது மரப்பெட்டி. அச்சுக்கோப்பவரின் முன்னே சாய்வாக நிறுத்தப்பட்ட இரண்டு பெட்டிகளுள் மேற்பெட்டியில் பேரெழுத்துகளும் கீழ்ப்பெட்டியில் சிற்றெழுத்துகளும் கிடந்தன. லெட் என்பது ஈயம். வரிகளை விலக்கி நிறுத்துவதற்காக இடையில் செருகப்பட்ட மெல்லிய ஈயத் தகடே இன்று கணினித் திரையில் ஓர் எண்ணாக நிற்கிறது. பெட்டியும் போயிற்று, ஈயமும் போயிற்று, அவற்றைக் கையாண்ட மனிதரும் போனார். அவருடைய சொற்கள் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டன.

செயற்கை நுண்ணறிவு குறித்து இன்று நடைபெறும் விவாதங்களைக் கவனிப்பவர்கள் இரண்டு குரல்களை மாறி மாறிக் கேட்டிருப்பார்கள். இயந்திரம் வேலைகளை விழுங்கிவிடும் என்பது ஒரு குரல். பழைய வேலைகள் போனால் புதியவை பிறக்கும், வரலாறு அப்படித்தான் சொல்கிறது என்பது மற்றொரு குரல். இரு தரப்பினரும் வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்; ஆனால் ஒரு தொழிலின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. அச்சுக்கோப்புத் தொழில் அதற்கு மிகப் பொருத்தமான சான்று எனக் கருதுகிறோம். அது ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்தது; முதலில் ஓர் இயந்திரத்தையும் பின்னர் கணினியையும் எதிர்கொண்டது; இறுதியில் முற்றாக மறைந்தது. எழுத்தை நேசிப்பவர்களான நமக்கு அதில் கூடுதல் அக்கறையும் உண்டு. நம் நூல்களைக் கையால் தொட்டு உருவாக்கியவர்கள் அவர்களே.

*

தமிழ் அச்சின் கதை இலக்கிய வாசகர்களுக்குப் புதிதன்று. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்த அச்சகம், இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த வழிவிட்ட 1835-ஆம் ஆண்டுச் சட்டம், உ.வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்த சீவக சிந்தாமணி என்று அந்த வரிசையை நாம் அறிவோம். இந்த வரிசையில் பதிப்பாசிரியர்களின் பெயர்கள் இருக்கின்றன, பாதிரிமார்களின் பெயர்கள் இருக்கின்றன. எழுத்துகளைக் கோத்தவர்களின் பெயர்கள் அநேகமாக இல்லை.

அந்த வேலை எத்தகையது? கம்பாசிட்டர் என்று எல்லோரும் அழைத்த அச்சுக்கோப்பவர் இடக்கையில் ‘ஸ்டிக்’ எனப்படும் சிறு உலோகத் தட்டைப் பிடித்திருப்பார். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். வலக்கை பெட்டியின் அறைகளுக்குள் சென்று எழுத்தை எடுத்துவரும். ஈயத்தில் வார்த்த எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவல மாற்றமாக இருக்கும். அவற்றைத் தலைகீழாக வைத்தே வரிகளைக் கோப்பார்கள், கோத்ததைத் தலைகீழாகவே படிக்கவும் பழகியிருப்பார்கள். ஆங்கிலத்திற்கு இரண்டு பெட்டிகள் போதும். தமிழில் உயிரும் மெய்யும் புள்ளி வைத்தவையும் போக, இகர ஈகார, உகர ஊகாரக் குறிகள் ஒவ்வொரு மெய்யோடும் வெவ்வேறாக ஒட்டி நிற்பதால் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் தேவைப்பட்டன. கிரந்தமும் எண்களும் நிறுத்தக் குறிகளும் தனி. அச்சு முடிந்தபின் ஒவ்வோர் எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போடவேண்டும். போட்டால்தான் அடுத்த பக்கத்துக்கு எழுத்து இருக்கும். ஒரு நூல் முழுவதையும் கோத்து நிறுத்திவைக்கப் போதிய எழுத்துகள் சிறு அச்சகங்களில் இருந்ததில்லை.

இந்த வேலை கல்வியாகவும் அமைந்தது என்பதை மறக்கலாகாது. பள்ளிப் படிப்பைத் தொடர வழியில்லாத ம.பொ. சிவஞானம் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்தவர். பின்னாளில் சிலப்பதிகார அறிஞராக அறியப்பட்டார். ‘பாலும் பாவையும்’ எழுதிய விந்தன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தபடியே எழுத்தாளராக வளர்ந்தவர். மேலைநாட்டிலும் இதே கதைதான். மார்க் ட்வைன் சிறுவயதில் அச்சகத்தில் தொழில் பழகி, ஊர் ஊராகச் சென்று எழுத்துக் கோத்தே பிழைத்தார். வறியவனுக்கு எழுத்துலகின் பின்வாசலாக அச்சகம் விளங்கிற்று.

*

அந்த மார்க் ட்வைன்தான் இத்தொழிலை இயந்திரமயமாக்குவதில் தம் செல்வத்தை இழந்தார் என்பது வரலாற்றின் விசித்திரம். ஜேம்ஸ் பேஜ் என்பவர் உருவாக்கிவந்த அச்சுக்கோப்பு இயந்திரத்தில் 1880-களில் அவர் பணத்தைக் கொட்டினார். ஏறத்தாழ 18,000 உறுப்புகள் கொண்ட அந்த இயந்திரம் மனிதக் கை செய்வதை அப்படியே செய்ய முயன்றது. ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைத்தது, அச்சு முடிந்தபின் ஒவ்வொன்றாகப் பிரித்தும் போட்டது. வேலை செய்யும்போது அற்புதமாக வேலை செய்தது; ஆனால் அடிக்கடி நின்றது. 1894-இல் ட்வைன் கடனில் மூழ்கினார். கடனை அடைப்பதற்காகவே உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டு, 1896-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சென்றார்.

வென்றது வேறோர் இயந்திரம். ஜெர்மனியில் பிறந்து கடிகாரத் தொழில் பயின்று, அமெரிக்காவின் பால்டிமோரில் குடியேறிய ஆட்மார் மெர்கந்தாலர் கையைப் பின்பற்ற முயலவில்லை. எழுத்தை எடுத்து வைப்பதற்குப் பதில், விசைப்பலகையில் தட்டினால் எழுத்து அச்சுகள் ஒரு வரியாக வந்து நிற்க, அவற்றின்மேல் உருகிய ஈயத்தை ஊற்றி முழு வரியையும் ஒரே கட்டியாக வார்த்தெடுத்தார். அச்சு முடிந்ததும் அந்த வரியை உருக்கிவிடலாம். பிரித்துப் போடும் வேலையே இல்லை. 1886 ஜூலையில் ‘நியூயார்க் டிரிப்யூன்’ நாளிதழ் இந்த லைனோடைப்பைப் பயன்படுத்தத் தொடங்கியது. சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பு வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு அது.

ஒரு மனிதர் பலரின் வேலையைச் செய்ய இயலும் என்று ஆனபோது, அமெரிக்காவின் அச்சுத் தொழிலாளர் சங்கம் என்ன செய்தது? ‘சர்வதேச அச்சுக்கோப்பாளர் சங்கம்’ என அறியப்பட்ட அது 1852-இல் தொடங்கப்பட்டது. அந்நாட்டின் பழைமையான தொழிற்சங்கங்களுள் ஒன்று. அது இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. இயந்திரம் வரட்டும், ஆனால் அதன்முன் அமர்பவர் தொழில் கற்ற எம் உறுப்பினராகவே இருக்கவேண்டும் என்று கோரியது. பெருமளவு அதைச் சாதித்தும் காட்டியது. எழுத்துக் கோப்பு மலிந்ததால் நாளிதழ்களின் பக்கங்கள் பெருகின, வார இதழ்களும் விளம்பரங்களும் பெருகின, வேலையும் பெருகியது. 1905-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் வாயிலாக எட்டு மணி நேர வேலைநாளையும் அச்சங்கம் வென்றெடுத்தது.

புதிய இயந்திரம் புதிய வேலையைத் தரும் என்று வாதிடுபவர்கள் விரும்பிச் சொல்லத்தக்க கதை இது. ஆயினும் இரண்டு செய்திகளை அவர்கள் சேர்த்தே சொல்லவேண்டும். ஒன்று, அந்த நன்மை தானாக விளையவில்லை; இயந்திரத்தின் முன் யார் அமர்வது என்பதைத் தீர்மானிக்கும் வலிமை தொழிலாளரிடம் இருந்தது. மற்றொன்று, அந்த வலிமை எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. அச்சுக்கோப்பு ஆண்களின் கோட்டையாகவே காக்கப்பட்டது. லண்டன் அச்சுக்கோப்பாளர்களை ஆராய்ந்த சிந்தியா காக்பர்ன் 1983-இல் வெளியிட்ட ‘பிரதர்ஸ்’ என்னும் நூலில் இதை விரிவாகக் காட்டியுள்ளார். கணினியோடு தட்டச்சு விசைப்பலகை வந்தபோது, அது பெண்களின் வேலையாயிற்றே என்று அந்த ஆண்கள் கூசினார்கள். தொழிலின் பெருமைக்குள் இத்தகைய விலக்கலும் கலந்திருந்தது.

*

கணினியின் வருகை 1960-களில் தொடங்குகிறது. துளையிட்ட காகித நாடாவைக் கொண்டு லைனோடைப்பை இயக்கினார்கள். வரியை எங்கே முறிப்பது, சொல்லை எங்கே பிரிப்பது என்னும் முடிவுகளைக் கணினி எடுக்க முடியும் என்றாயிற்று. அதுவரை அது அச்சுக்கோப்பவரின் தனித்திறன். 1962 டிசம்பர் 8-ஆம் நாள் நியூயார்க்கில் அச்சுக்கோப்பாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஊதியம் மட்டுமன்றித் தானியங்கி முறையும் அதில் வழக்காக இருந்தது. நகரின் ஏழு பெரிய நாளிதழ்கள் நின்றன. 114 நாட்கள் நீடித்த அந்த மௌனத்தின் நடுவே, புத்தக மதிப்புரைகளுக்கு இடமில்லாமல் போன வெற்றிடத்தில், 1963 பிப்ரவரியில் ‘நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’ பிறந்தது. நம்மில் பலர் போற்றும் ஓர் இலக்கிய இதழ் ஒரு வேலைநிறுத்தத்தின் குழந்தை.

வேலைநிறுத்தத்தின் விலையும் பெரிது. 1963-இலேயே ‘மிரர்’ மூடப்பட்டது. 1967-க்குள் மேலும் மூன்று நாளிதழ்கள் மறைந்தன. தொலைக்காட்சியும் புறநகர்க் குடியேற்றமும் அதற்குக் காரணங்கள் என்றாலும், வேலைநிறுத்தங்கள் அவற்றை விரைவுபடுத்தின என்பதை மறுப்பதற்கில்லை. அச்சுக்கோப்பாளர் சங்கத்தின் நியூயார்க் கிளையின் தலைவர் பெர்ட்ரம் பவர்ஸ் அதை உணர்ந்திருக்கவேண்டும். 1974-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’, ‘டெய்லி நியூஸ்’ ஆகிய இரு இதழ்களோடும் அவர் பதினொரு ஆண்டு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டார். இதழ்கள் விரும்பியபடி தானியங்கி முறையைப் புகுத்தலாம். அதற்கு ஈடாக, அப்போது பணியிலிருந்த அச்சுக்கோப்பவர்களுக்கு வாழ்நாள் வேலை உறுதி உண்டு.

1978 ஜூலை முதல் நாள் இரவு ‘நியூயார்க் டைம்ஸ்’ கடைசியாக ஈயத்தில் கோக்கப்பட்டது. அந்த இரவை அவ்விதழின் மெய்ப்புத் திருத்துநர் டேவிட் லோப் வைஸ் ஆவணப்படமாக எடுத்தார். லைனோடைப் விசைப்பலகையின் முதல் இரு நிரல்களிலுள்ள எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் வரும் பொருளற்ற ஒலிக்கோவை ‘எட்டாயின் ஷ்ர்ட்லு’. பிழையான வரியைக் கழிப்பதற்காக அவ்விசைகளை வரிசையாகத் தட்டிவிடுவது வழக்கம். அந்தச் சொல்லுக்கு விடை கொடுப்பதாகவே படத்தின் தலைப்பு அமைந்தது. ஈயத்தை இழந்த தொழிலாளர்கள் கத்திரிக்கோலும் பசையும் கொண்டு, ஒளியச்சில் வந்த தாள் துண்டுகளைப் பக்கங்களாக ஒட்டும் வேலைக்குப் பயிற்றுவிக்கப்பட்டார்கள். அந்த வேலையும் பின்னர் கணினித் திரைக்குள் மறைந்தது. புதிய பயிற்சியாளர்கள் எடுக்கப்படவில்லை. தொழில் இறந்தது, ஆனால் அதைச் செய்த மனிதர்கள் தெருவில் விடப்படவில்லை. இந்த வேறுபாடு முக்கியமானது.

*

லண்டனில் நடந்தது வேறு. அங்கே ‘டைம்ஸ்’ நாளிதழ் புதிய தொழில்நுட்பத்தையும் ஆள்குறைப்பையும் பற்றிய பூசலில் 1978 டிசம்பரிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு வெளிவரவே இல்லை. 1981-இல் அதை ரூபர்ட் மர்டாக் வாங்கினார். நகரின் கிழக்கே வாப்பிங் என்னுமிடத்தில் கணினிமயமான புதிய அச்சாலை எழுப்பப்பட்டது. 1986 ஜனவரி 24-ஆம் நாள் சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அன்றே பணிநீக்க ஆணைகள் பிறந்தன. வேலை இழந்தவர்கள் ஏறத்தாழ 5,500 பேர். வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டவரை ஈட்டுத்தொகையின்றி நீக்குவதற்குச் சட்டம் இடம் கொடுத்தது. வேறொரு சங்கத்தின் வழியே திரட்டப்பட்ட ஆட்களைக் கொண்டு டைம்ஸ், சன் முதலிய நான்கு இதழ்களும் வாப்பிங்கிலிருந்து தொடர்ந்து வெளிவந்தன. ஓராண்டுக்கும் மேலாக வாயிலில் மறியல் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். 1987 பிப்ரவரியில் போராட்டம் தோல்வியில் முடிந்தது.

லண்டன் சங்கங்களின் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. தேவைக்கு மிகுந்த ஆட்கள், வெளியார் நுழைய முடியாத நியமன முறை, நள்ளிரவில் அச்சை நிறுத்தும் மிரட்டல் என அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் உண்மை இருந்தது. ஆயினும் இங்கு எழுதுபவர்களாகிய நாம் தயங்கி நின்று பார்க்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. வாப்பிங்கின் கணினிகளில் கட்டுரைகளை நேரடியாகத் தட்டியவர்கள் யார்? இதழாளர்கள். அச்சுக்கோப்பவரின் கை இல்லாமலேயே எழுதுபவரின் விரலிலிருந்து பக்கத்துக்குச் சொற்கள் செல்ல முடிந்ததால்தான் அந்த அச்சாலை இயங்கிற்று. செல்ல மறுத்தவர்கள் சிலர் இருந்தார்கள். பெரும்பாலோர் மறியல் வரிசையைக் கடந்து உள்ளே சென்றார்கள். தங்கள் எழுத்து இனி இடைத்தரகர் இன்றி அச்சேறும் என்பதில் அவர்களுள் பலருக்கு மகிழ்ச்சியும் இருந்திருக்கும். எழுத்தாளன் அன்று இயந்திரத்தின் பக்கம் நின்றான். இயந்திரம் தன் வேலையைத் தொடாது என்று அவன் நம்பினான்.

*

நியூயார்க்கில் ஒப்பந்தம், லண்டனில் மோதல். இதே மாற்றம் தமிழகத்தை அடைந்தபோது இரண்டும் இல்லை.

தமிழில் அச்சுப்பெட்டி எழுத்தின் வடிவத்தையே பாதித்தது என்பதை முதலில் நினைவுகொள்வோம். அச்சுக் கோப்பதற்கும் தட்டச்சுக்கும் எளிதாகவேண்டும் என்ற நோக்கில் பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டார். ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழி வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை போன்ற கொம்பும் விடப்பட்டன. தமிழக அரசு இவற்றை ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில். நியூயார்க்கில் ஈயத்தின் கடைசி இரவு முடிந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. எத்தனை வடிவங்களை வேண்டுமானாலும் ஏந்திக்கொள்ளக்கூடிய ஒரு கருவி உலகில் வந்துவிட்ட வேளையில், ஈயப் பெட்டியின் அறைகளைக் குறைக்கும் நெடுநாள் கோரிக்கை நமக்கு நிறைவேறியது. சீர்திருத்தம் வீண் என்பது நம் கருத்தன்று. தட்டச்சுப் பொறிக்கும் எழுத்துப் பயிலும் குழந்தைக்கும் அது உதவியது. ஒரு கருவியின் வசதிக்காக மொழியில் செய்யப்படும் மாற்றம் அந்தக் கருவி மறைந்தபின்பும் நீடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1985-இல் ஆப்பிள் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறியும் ‘பேஜ்மேக்கர்’ மென்பொருளும் சந்தைக்கு வந்தன. மேசைமேல் ஒரு கணினியை வைத்துப் பக்கத்தை முழுமையாக வடிவமைக்கலாம் என்றாயிற்று. தமிழ் எழுத்துகளைக் கணினிக்குள் கொண்டுவரும் முயற்சிகள் அப்போதே நடந்துகொண்டிருந்தன. கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ‘ஆதமி’, மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு’, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் வடிவமைத்த ‘மயிலை’ எழுத்துரு என்று புலம்பெயர்ந்த தமிழர்களின் பங்கு இதில் பெரிது. 1990-களில் தமிழக நகரங்களின் தெருக்களில் ‘டி.டி.பி.’ பலகைகள் முளைத்தன. ஈய எழுத்துகள் எடைக்குப் போடப்பட்டன. டிரெடில் இயந்திரங்கள் அழைப்பிதழுக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் என்று சுருங்கி, பிறகு அதற்கும் வேண்டாதவை ஆயின.

அச்சுக்கோப்பவர்களுள் இளையவர்கள் சிலர் கணினி பழகிக்கொண்டார்கள். வயதானவர்கள் வீட்டிற்குப் போனார்கள். ஒருவர் இருவர் வேலை செய்த சிறு அச்சகங்களில் சங்கம் ஏது, ஒப்பந்தம் ஏது? மறியல் இல்லை, ஆவணப்படம் இல்லை, கடைசி இரவு என்று ஒன்றைக் குறித்துவைக்கவும் யாரும் இல்லை. நியூயார்க்கில் மாற்றத்தின் விலையை நிறுவனமும் தொழிலாளரும் பகிர்ந்துகொண்டனர். லண்டனில் தொழிலாளர் போராடிச் செலுத்தினர். இங்கே அவர்கள் ஓசையின்றிச் செலுத்தினர்.

இதனால் நமக்குக் கிடைத்த நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. ஐந்நூறு பிரதி அச்சிடவே கடன்பட்ட சிற்றிதழ்க்காரர்களின் துயரத்தை நம் இலக்கிய வரலாறு அறியும். புதிய முறை அந்தச் சுமையை வெகுவாகக் குறைத்தது. பிழை திருத்துவது எளிதாயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க நூல்கள் முதல் நவீன நூல்கள் வரை தட்டச்சு செய்து உலகுக்கு இலவசமாகத் தந்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கு ஒரு பொது முறையை வகுத்தது. எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு என்றிருந்த குழப்பத்தை ஒருங்குறி மெல்ல மெல்ல நீக்கியது. 2010-இல் தமிழக அரசும் அதை ஏற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட மரப்பெட்டி, ஒருங்குறி அட்டவணையில் 128 இடங்கள் கொண்ட ஒரு சிறு கட்டத்துள் அடங்கிற்று. யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் சென்னையிலும் இருப்பவர்கள் ஒரே இலக்கிய உரையாடலில் கலந்துகொள்வது இதனால் இயன்றது. இவற்றை நாம் துறக்க விரும்புவோமா? மாட்டோம். அந்த ஆதாயத்தின் கணக்கில் கொடுக்கப்படாத ஒரு தொகை நிற்கிறது என்பதை மட்டும் நினைவூட்ட விரும்புகிறோம்.

*

அச்சுக்கோப்பவர் செய்த வேலை எங்கே போயிற்று? நம் கேள்வியின் மையம் இதுவே. அது முற்றாக மறைந்துவிடவில்லை. எழுத்தாளரே இன்று தட்டச்சு செய்கிறார், பிழை பார்க்கிறார், பல நேரங்களில் பக்கமும் அமைக்கிறார். அச்சுக்கோப்பவரின் வேலை எழுத்தாளரின் மேசைக்கு மாறியது; அதற்கான கூலி மாறவில்லை. ‘தொழில்நுட்பம் வேலையைப் போக்கிவிட்டது’ என்று நாம் சொல்லும் இடங்களிலெல்லாம் இப்படி ஒரு கைமாற்றம் நடந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இயந்திரம் எழுதுபவரின் பக்கமே வந்துவிட்டது. வாப்பிங்கின் வாயிலை இதழாளர் கடந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. மெய்ப்புத் திருத்துதல், மொழிபெயர்ப்பு, திரைப்பட வசன வரிகள், விளம்பர வாசகம், பாடக்குறிப்பு என எழுத்தையே நம்பி வாழ்வோர் செய்யும் வேலைகளுள் பலவற்றை இயந்திரம் ஓரளவு செய்கிறது. அதன் தமிழ் இன்னும் தடுமாறுகிறது என்பதில் ஆறுதல் கொள்பவர்கள் உண்டு. பேஜின் இயந்திரமும் தடுமாறியது. அதைப் பார்த்து நிம்மதி அடைந்த அச்சுக்கோப்பவர்களுக்கு மெர்கந்தாலரின் இயந்திரம் வேறு வழியாக வந்து சேர்ந்தது. மனிதனைப் போலவே எழுதுகிறதா என்று நாம் சோதித்துக்கொண்டிருக்கும்போது, எழுத்து எதற்காக, யாரால், என்ன விலைக்கு வாங்கப்படுகிறது என்பதே மாறிவிடக்கூடும்.

2023-இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து ஓர் உடன்பாட்டை எட்டினார்கள். செயற்கை நுண்ணறிவு ஆக்கித் தருவதை எழுத்தாளரின் படைப்புக்குச் சமமாகக் கொள்ளக்கூடாது. அதைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரை நிறுவனம் கட்டாயப்படுத்தக்கூடாது. இயந்திரம் ஆக்கியதை எழுத்தாளரிடம் கொடுத்தால் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பழைய அச்சுக்கோப்பாளர் சங்கத்தின் குரலை இதில் கேட்கிறோம். இயந்திரம் வரட்டும், அதன் நிபந்தனைகளை எழுதும் மேசையில் எங்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில், தன் கட்டுரைகளை அனுமதியின்றி இயந்திரப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாகக் கூறி ‘நியூயார்க் டைம்ஸ்’ ஓபன்ஏஐ, மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. ஒருகாலத்தில் இயந்திரத்தைக் கொண்டுவருபவராக ஒப்பந்த மேசையில் அமர்ந்த நிறுவனம், இம்முறை இயந்திரத்திடம் தன்னைக் காத்துக்கொள்ள நீதிமன்றம் சென்றது.

தமிழில் மொழிபெயர்த்தும் மெய்ப்புப் பார்த்தும் வாழ்பவர்களுள் பெரும்பாலோர் அந்தச் சிறு அச்சகத்துக் கம்பாசிட்டரைப் போன்றவர்களே. தனித்தனியாக வேலை செய்பவர்கள். எழுத்து வடிவ ஒப்பந்தம் இல்லாதவர்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாய்ச்சொல்லில் கூலி பேசிக்கொள்பவர்கள். இவர்களின் வேலையும் ஓசையின்றிப் போய்விடக்கூடும். போகும்போது நாம் பயனடைபவர்களாகவும் இருப்போம். நூல் மலிவாகக் கிடைக்கும், விரைவாகக் கிடைக்கும். வாப்பிங்கின் இதழாளர்களுக்கு இருந்த அதே மகிழ்ச்சி நமக்கும் இருக்கும்.

ஆகவே பெரிய தீர்வுகளைக் கேட்பதற்கு முன், நம் கைக்கு எட்டும் சிலவற்றைச் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளருக்கும் மெய்ப்புத் திருத்துநருக்கும் பதிப்பகம் தரும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். இயந்திரத்தைக் கொண்டு மொழிபெயர்த்த நூல் அவ்வாறே அறிவிக்கப்படவேண்டும். அதைச் செப்பனிடுபவருக்குக் கூலியும் பெயரும் வேண்டும். செப்பனிடுவது எளிய வேலை என்று தீர்மானிப்பவர், அந்த வேலையை ஒருமுறையேனும் செய்து பார்த்தவராக இருக்கவேண்டும். இவற்றைக் கேட்கும் உரிமை நூலை விலைகொடுத்து வாங்கும் வாசகருக்கும் உண்டு.

பழைய தமிழ் நூல்களைத் திறப்பவர்கள் பதிப்பு விவரப் பக்கத்தை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம். ஆசிரியர் பெயர், பதிப்பகத்தின் பெயர், அச்சகத்தின் பெயர், விலை எல்லாம் இருக்கும். 1990-களின் நூல்களில் ‘ஒளியச்சு’ என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருக்கும். அதற்கும் முந்தைய நூல்களில், ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்து வைத்தவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இராது. இனி வரும் நூல்களின் அந்தப் பக்கத்தில் எந்தெந்தப் பெயர்கள் நிற்கும் என்பதை இயந்திரம் முடிவு செய்யப்போவதில்லை. அந்த வேலை இன்னும் நம்மிடமே இருக்கிறது.